தாத்தாவின் போனுக்கு என்ன ஆச்சு?

குட்டீஸ், உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பழைய பட்டன் போன் வைத்திருக்கிறார்களா? அதில் அப்பாவின் ஜியோ சிம்மைப் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ஒன்றுமே நடக்காது! டவர் அடுத்த தெருவிலேயே நிற்கும். அப்பாவின் போனில் அதே சிம் கணீரென்று பேசும். பட்டன் போனில் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று வரும். போனும் நல்ல போன், சிம்மும் நல்ல சிம். அப்படியானால் தப்பு யார் மேல்?

யார் மேலும் தப்பில்லை. போன் ஒரு பாஷை பேசுகிறது, டவர் வேறு பாஷை பேசுகிறது, அவ்வளவுதான். 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்று விளம்பரத்தில் கேட்கிறீர்களே, அந்த ‘ஜி’ என்பது ‘ஜெனரேஷன்’, அதாவது தலைமுறை. ‘எண் கூடினால் வேகம் கூடும்’ என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரிதான். ஆனால், முழு விஷயம் அதுவல்ல. வானத்தில் இருக்கும் கொஞ்ச இடத்தை லட்சக்கணக்கான பேருக்கு எப்படிப் பங்கு போடுவது? ஒவ்வொரு தலைமுறையும் இந்தக் கணக்கை ஒவ்வொரு விதமாகப் போட்டது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

வானத்திலும் இட நெருக்கடி!

செல்போன் என்பது உண்மையில் ஒரு குட்டி ரேடியோ. ஆனால், வீட்டு ரேடியோ கேட்க மட்டும் செய்யும். செல்போன் கேட்கவும் செய்யும், ஒலிபரப்பவும் செய்யும். சென்னையில் எப்.எம். ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதே ஊரில் அதே எண்ணில் இன்னொரு நிலையமும் பாட ஆரம்பித்தால் என்ன ஆகும்? இரண்டு பாட்டும் கலந்து கொத்து பரோட்டா ஆகிவிடும்! அதனால்தான் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனி அலைவரிசை.

ரேடியோ நிலையங்கள் என்றால் ஊருக்குப் பத்து இருக்கும். செல்போன்கள்? ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை கொடுக்க எங்கே போவது? ரேடியோ, டி.வி., விமானம், ராணுவம், கப்பல் எல்லோருக்கும் ஒதுக்கியது போக, செல்போனுக்கு மிஞ்சுவது சில துண்டுகள்தான். அந்தத் துண்டுகளுக்குத்தான் ‘அலைக்கற்றை’ என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத பொருள் என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். 2022-ல் இந்தியாவில் நடந்த அலைக்கற்றை ஏலத்தின் மொத்தத் தொகை 1,50,000 கோடி ரூபாயைத் தாண்டியது!

(ஒரு சின்ன விஷயம்: ‘காற்றலை’ என்று சொல்கிறோமே தவிர, இந்த அலைக்குக் காற்றே தேவையில்லை. காற்றில்லாத நிலவில் இருந்தும் அது பூமிக்கு வந்து சேரும்.)

ஆரம்பத்தில் கார்களில் பொருத்தும் போன்கள் இருந்தன. ஊர் நடுவில் பெரிய கோபுரம் ஒன்று, அதில் ஒரு டஜன் அளவுக்கு அலைவரிசைகள். அந்த டஜன் பேர் பேசி முடிக்கும் வரை ஊரில் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு வழியை 1947-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் ரிங் என்ற பொறியாளர் எழுதி வைத்தார். ஊரைத் தேன்கூடு போல ஆறு பக்க அறைகளாகப் பிரி. ஒவ்வோர் அறைக்கும் சக்தி குறைந்த சின்னக் கோபுரம் வை. இந்த அறையில் பயன்படுத்திய அலைவரிசையைப் பக்கத்து அறையில் பயன்படுத்தாதே. நாலு அறை தள்ளிப்போய் மறுபடியும் பயன்படுத்து. சத்தம் அவ்வளவு தூரம் போகாது, கலக்காது! அறைக்கு ஆங்கிலத்தில் ‘செல்’. நாம் ‘செல்போன்’ என்கிறோமே, அந்தச் ‘செல்’ இதுதான். ‘செல்லும் இடமெல்லாம் வரும் போன்’ என்று யாராவது விளக்கம் சொன்னால் நம்பிவிடாதீர்கள்!

யோசனை பிறந்துவிட்டது. ஆனால், ஒருவர் காரில் போகும்போது பேச்சு அறுந்துபோகாமல் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கைமாற்றிவிட வேண்டுமே? அதற்கான கருவிகள் வர இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆயின. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்றபடி மோட்டோரோலா கம்பெனியின் மார்ட்டின் கூப்பர் கையடக்கச் செல்போனில் முதன்முதலாகப் பேசினார். ‘கையடக்கம்’ என்பது பேச்சுக்குத்தான், எடை ஒரு கிலோவுக்கு மேல்! அவர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? போட்டி நிறுவனமான பெல் ஆய்வுக்கூடத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த ஜோயல் எங்கலை. வெறுப்பேற்றுவதில் எத்தனை சந்தோஷம் பாருங்கள்!

1979-ல் டோக்கியோவில் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. இதுதான் முதல் தலைமுறை. பேசுகிறவருக்குப் பேசி முடிக்கும் வரை ஒரு தனி அலைவரிசை. லாட்ஜில் ஆளுக்கு ஓர் அறை கொடுப்பது போல. அவர் பேசாமல் ‘ம்...’ என்று யோசித்துக்கொண்டிருந்தாலும் அறை அவருக்குத்தான். ரொம்ப வீண். அதோடு, சரியான ரேடியோ கையில் இருந்தால் அடுத்தவர் பேச்சை யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம்.

குழாயடி முறை

இப்போது தாத்தாவின் போனுக்கு வருவோம். ஐரோப்பாவில் அப்போது நாட்டுக்கு நாடு வேறு வேறு முறை. எல்லை தாண்டினால் போன் ஊமை. ‘எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றுவோம்’ என்று நாடுகள் கூடிப் பேசி உருவாக்கியதுதான் ஜி.எஸ்.எம். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் இதன் முதல் அழைப்பு. இதுதான் 2ஜி.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய், எட்டுக் குடங்கள். முழுக் குடம் நிரம்பும் வரை மற்றவர்கள் நின்றால் சண்டைதான். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு டம்ளர் என்று மாறி மாறிப் பிடித்தால்? எட்டுக் குடமும் ஒன்றாக நிரம்பும். ஜி.எஸ்.எம். செய்வது இதைத்தான். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டில் எட்டுப் பேர். ஆளுக்கு 577 மைக்ரோ செகண்டு. அதாவது ஒரு செகண்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 577 பங்கு. உங்கள் முறை முடிந்ததும் போன் வாயை மூடிக்கொள்ளும். மற்ற ஏழு பேர் முறை முடிந்ததும் மறுபடி உங்கள் முறை. இப்படி ஒரு செகண்டில் 217 தடவை!

‘விட்டு விட்டுப் பேசினால் விட்டு விட்டுத்தானே கேட்கும்?’ என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. போன் உங்கள் பேச்சை முதலில் எண்களாக மாற்றி, அமுக்கிச் சின்னப் பொட்டலமாகக் கட்டிவிடுகிறது. முறை வந்ததும் பொட்டலத்தை வீசி எறிகிறது. அந்தப் பக்கத்துப் போன் பிரித்து, சேர்த்து, தொடர்ச்சியாகக் கேட்க வைக்கிறது. எண்களாக மாற்றுவதால் ரகசியக் குறியீடும் சேர்த்துப் பூட்டலாம். ஒட்டுக் கேட்பவருக்கு வேலை கஷ்டமாகிவிட்டது.

இந்த 217-ஐ நீங்கள் காதால் கேட்கலாம்! 2ஜி போனை ரேடியோ அல்லது ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, அதற்கு ஒரு கால் போடுங்கள். மணி அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கரில் ‘டிட்டிட்... டிட்டிட்... கொர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். போன் செகண்டுக்கு 217 முறை வாயைத் திறந்து மூடுகிற சத்தம்தான் அது. 4ஜி போனில் முயற்சி செய்து ஏமாறாதீர்கள், அதன் முறையே வேறு.

குழாயடி முறையில் ஒரு சிக்கலும் உண்டு. தூரத்தில் இருக்கும் போனின் அலை டவருக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அது அடுத்தவர் முறையில் போய் விழுந்தால்? அதனால், ‘நீ தள்ளி இருக்கிறாய், உன் முறைக்குச் சற்று முன்பாகவே பேசிவிடு’ என்று டவர் சொல்லும். இப்படி முன்கூட்டியே பேசச் சொல்ல டவரிடம் 63 படிகள் இருக்கின்றன. ஒரு படி என்பது ஏறக்குறைய 550 மீட்டர் தூரம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 35 கிலோமீட்டர் வரும். அதற்கு மேல் போனால், சிக்னல் பிரமாதமாகக் கிடைத்தாலும் சாதாரண ஜி.எஸ்.எம். டவர் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. பூமி உருண்டை என்பதால், அவ்வளவு தூரம் போகும் முன்பே பல இடங்களில் டவர் அடிவானத்துக்குக் கீழே மறைந்தும் போகும்.

ஊருக்குள் இருக்கும் நமக்கு இது ஒரு கணக்கு மட்டுமே. கடலுக்குப் போகிறவர்களுக்கு அப்படி இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி அருகே திடீரென உருவானபோது, மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் சில நாட்களுக்கு முன்பே கிளம்பி அரபிக் கடலில் வெகுதூரம் போயிருந்தார்கள். அவர்களிடம் செல்போன் இருந்தது. டவர்தான் இல்லை. கரையில் இருந்தவர்களால் ‘திரும்பி வாருங்கள்’ என்று சொல்ல முடியவில்லை. எத்தனையோ பேர் வீடு திரும்பவே இல்லை. கரையில் நிற்கும் டவர் 2ஜியாக இருந்தாலும் 5ஜியாக இருந்தாலும் அந்தத் தூரத்துக்கு எட்டாது. அங்கே செயற்கைக்கோள்தான் கைகொடுக்கும். அந்தப் புயலுக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி சொல்லும் கருவிகளைப் படகுகளுக்குக் கொடுக்கும் வேலை வேகம் பிடித்தது.

இந்தியாவுக்குச் செல்போன் வந்தது 1995 ஜூலை 31 அன்று. மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுவும் ஜி.எஸ்.எம்.தான். அந்தக் காலத்தில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். போன் அடித்தால் எடுப்பதா வேண்டாமா என்று பலரும் யோசிப்பார்களாம்!

ரயில் பெட்டி முறை

இப்போது சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். பெட்டியில் ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு தெலுங்குக் குடும்பம், நாக்பூர் போகும் மராட்டிக் குடும்பம், இந்தி பேசும் ராணுவ வீரர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யாரும் முறை வைத்துக் காத்திருக்கவில்லை. தனி அறையும் இல்லை. ஆனாலும் யாராவது ‘காபி வேணுமா?’ என்று தமிழில் கேட்டால் உங்கள் காதில் அது மட்டும் டக்கென்று விழுகிறது. மற்றதெல்லாம் வெறும் இரைச்சல்.

இதுதான் சி.டி.எம்.ஏ. முறை. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை, ஒரே நேரம். ஆனால், ஆளுக்கொரு ரகசியக் குறியீடு. அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் இதைச் செல்போனுக்குக் கொண்டுவந்தது. ‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று அப்போது பெரிய பெரிய ஆட்களே சந்தேகப்பட்டார்கள். நீங்களும் சந்தேகப்பட்டால் நோட்டும் பென்சிலும் எடுங்கள், இப்போதே சோதித்துவிடலாம்.

கவின், மலர் என்று இரண்டு பேர். கவினின் குறியீடு (+1, +1). மலரின் குறியீடு (+1, –1). ‘ஆம்’ என்று சொல்ல வேண்டுமானால் குறியீட்டை அப்படியே அனுப்ப வேண்டும். ‘இல்லை’ என்றால் தலைகீழாக்கி அனுப்ப வேண்டும்.

கவின் ‘ஆம்’ என்கிறான்: +1, +1.
மலர் ‘இல்லை’ என்கிறாள்: –1, +1.
இரண்டும் வானத்தில் கலந்துவிட்டன. கூட்டினால் வருவது: 0, +2.

டவருக்குக் கிடைப்பது இந்த 0, +2 மட்டும்தான். இதில் யார் என்ன சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்? கவினின் குறியீட்டால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0×(+1) + 2×(+1) = +2. கூட்டல் எண், ஆகவே ‘ஆம்’! மலரின் குறியீட்டால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0×(+1) + 2×(–1) = –2. கழித்தல் எண், ஆகவே ‘இல்லை’! கலந்த பாலும் தண்ணீரும் அன்னப்பறவைக்குப் பிரிந்தது போலப் பிரிந்துவிட்டதா? பதில்களை மாற்றிப் போட்டும் செய்து பாருங்கள். நிஜ சி.டி.எம்.ஏ. டவரில் இரண்டுக்குப் பதில் 64 குறியீடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 64 எண்கள் நீளம். கணக்கு மட்டும் இதேதான்.

சரி, அந்த ரயில் பெட்டியில் உங்கள் காதருகே ஒருவர் கத்த ஆரம்பித்தால்? தமிழாவது தெலுங்காவது, எதுவுமே கேட்காது. சி.டி.எம்.ஏ.வின் பெரிய தலைவலி இதுதான். டவருக்கு அடியில் நிற்கும் போனின் குரல், தூரத்துப் போனின் குரலை விழுங்கிவிடும். அதனால் டவர் ஒவ்வொரு போனிடமும் ‘மெல்லப் பேசு’, ‘கொஞ்சம் சத்தமாகப் பேசு’ என்று செகண்டுக்கு 800 தடவை சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த வகுப்பு லீடருக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது!

நம் நாட்டில் 2002 டிசம்பரில் ரிலையன்ஸ் நிறுவனம் சி.டி.எம்.ஏ. சேவையைப் பெரிய அளவில் தொடங்கியது. டாடாவும் இதே முறையில் சேவை தந்தது. 2003-ல் ‘501 ரூபாய் கட்டினால் கையில் போன்’ என்று ரிலையன்ஸ் அறிவித்தபோது, அதுவரை செல்போனைத் தொட்டே பார்க்காத குடும்பங்களிலும் போன் ஒலித்தது. ஆனால், அந்தப் போன்களில் ஒரு குறை. பெரும்பாலானவற்றில் சிம் கார்டே கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். ஜி.எஸ்.எம். போன் என்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளலாம். சி.டி.எம்.ஏ.வில் போனை மாற்ற வேண்டுமானால் கம்பெனி ஷோரூம் வாசலில் போய் நிற்க வேண்டும்.

‘ஜி.எஸ்.எம். நல்லதா, சி.டி.எம்.ஏ. நல்லதா?’ என்று அப்போது டீக்கடைகளில் கூட விவாதம் நடக்கும். என்னைக் கேட்டால், கணக்கில் கெட்டிக்காரன் சி.டி.எம்.ஏ.தான். ஆனால், மக்கள் பக்கம் நின்றது ஜி.எஸ்.எம். ஒரு விரல் நகம் அளவு சிம் கார்டு, ‘எந்தப் போனில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்’ என்று நமக்குச் சுதந்திரம் கொடுத்ததே! உலகில் பெரும்பாலான நாடுகள் ஜி.எஸ்.எம். பக்கம் சாய்ந்தன. இந்தியாவில் சி.டி.எம்.ஏ. சேவைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்தப் போன்கள் எல்லாம் பொம்மை ஆகிவிட்டன.

தோற்றவர் ஜெயித்த கதை

ஆனால் கதையில் ஒரு திருப்பம் உண்டு. ஜி.எஸ்.எம்.காரர்கள் அடுத்த தலைமுறையான 3ஜியை உருவாக்க உட்கார்ந்தபோது எந்த முறையை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? சி.டி.எம்.ஏ.வின் அதே குறியீட்டு முறையை! 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரித்து, டபிள்யூ.சி.டி.எம்.ஏ. என்று பெயர் வைத்தார்கள். சிம் கார்டு மட்டும் ஜி.எஸ்.எம். வீட்டுச் சொத்து. 2001-ல் ஜப்பானில் தொடங்கியது. இந்தியாவில் 2008 டிசம்பரில் டெல்லியில் எம்.டி.என்.எல்., 2009 பிப்ரவரியில் சென்னையில் பி.எஸ்.என்.எல்.

3ஜியில் ஒரு வேடிக்கை. பேசுபவர்கள் கூடக் கூட இரைச்சலும் கூடுமே, அதனால் டவரின் எல்லை சுருங்கிவிடும். கூட்டம் குறைந்தால் மறுபடி விரியும். பொறியாளர்கள் இதை ‘செல் மூச்சு விடுகிறது’ என்பார்கள். திருவிழா அன்று ஓரத்து வீடுகளில் சிக்னல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

போன் மூலையில் சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து வருமே, கவனித்திருக்கிறீர்களா? ‘ஜி’ என்றால் ஜி.பி.ஆர்.எஸ்., ‘ஈ’ என்றால் எட்ஜ். இரண்டும் 2ஜி டவரில் வரும் இன்டர்நெட். ‘எச்’ அல்லது ‘எச் பிளஸ்’ என்றால் 3ஜி. வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு பாட்டை வைத்துக் கணக்கிடுவோம். பாட்டு 5 எம்.பி. என்றால் சுமார் 4 கோடி பிட்டுகள். ஜி.பி.ஆர்.எஸ்.ஸில் செகண்டுக்கு 40,000 பிட் வந்தால் 1,000 செகண்டு, அதாவது 16 நிமிடம் 40 செகண்டு. பாட்டைக் கேட்பதை விடப் பாட்டு வருவதற்கு அதிக நேரம்! தொடக்க கால 3ஜியின் 384 கிலோபிட் வேகத்தில் 104 செகண்டு. 4ஜியில் செகண்டுக்கு 2 கோடி பிட் கிடைத்தால் 2 செகண்டு.

கல் மண்டபத்தில் வேகமாகப் பேசாதே!

அந்த வேகம் 4ஜிக்கு எப்படி வந்தது? பெரிய கோயிலின் கல் மண்டபத்தில் நின்று வேகமாகப் பேசிப் பாருங்கள். ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழுந்து ஒன்றும் புரியாது. நிறுத்தி நிதானமாகப் பேசினால் புரியும். நகரத்தில் ரேடியோ அலைக்கும் இதே கதிதான். ஒவ்வொரு கட்டடமும் எதிரொலிக்கிறது. வேகத்தைக் கூட்டக் கூட எதிரொலிகள் மோதிக்கொள்கின்றன.

நிதானமாகப் பேசினால் வேகம் எப்படி வரும்? இப்படி யோசியுங்கள். 1,200 பக்கப் புத்தகத்தை ஒருவர் வேகமாகப் படிப்பதற்குப் பதில், 1,200 மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் என்று நிதானமாகப் படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு சுருதி. அதனால் ஒருவர் குரல் அடுத்தவர் குரலோடு கலக்காது. புத்தகம் ஒரு பக்க நேரத்தில் முடிந்துவிடும்! 4ஜி இதைத்தான் செய்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைக்கற்றையை 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 1,200 மெல்லிய இழைகளாகப் பிரித்துவிடுகிறது. யாருக்கு எத்தனை இழை என்பதை ஒரு செகண்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஒருமுறை டவர் மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் சினிமா பார்த்தால் நிறைய இழை, வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று அனுப்பினால் நூல் அளவு.

2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் 4ஜி தொடங்கியது. இந்தியாவில் முதலில் வந்தது கொல்கத்தாவில், 2012-ல்.

இங்கேதான் நம் பட்டன் போன் மர்மம் அவிழ்கிறது. 2ஜியிலும் 3ஜியிலும் பேச்சுக்கென்று ஒரு தனிப் பாதை உண்டு. 4ஜியில் அது கிடையாது. எல்லாமே இன்டர்நெட் பொட்டலங்கள்தான். அதனால் ஆரம்ப கால 4ஜி போன்கள் கால் வந்தவுடன் சட்டென்று 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி, பேசி முடித்துவிட்டு மறுபடி மேலே ஏறும். பிறகு, பேச்சையும் 4ஜியிலேயே பொட்டலமாக அனுப்பும் ‘வோல்ட்டி’ வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தொடங்கியபோது 2ஜி, 3ஜி எதுவும் வைக்காமல், 4ஜியும் வோல்ட்டியும் மட்டும் போதும் என்று முடிவெடுத்தார்கள். தாத்தாவின் போன் குழாயடியில் குடத்தோடு நிற்கிறது. அந்த டவரில் குழாயே இல்லை. எப்படிப் பேசும்?

5ஜி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 4ஜியின் இழை முறைதான் இதிலும். ஆனால் இன்னும் அகலமான அலைக்கற்றை, டவரில் இன்னும் நிறைய ஆன்டெனா. பழைய டவர் டியூப்லைட் மாதிரி எல்லாப் பக்கமும் ஒளி வீசும். 5ஜி டவர் டார்ச் லைட் மாதிரி உங்கள் போன் இருக்கும் பக்கமாக அலையைக் குவிக்கும். 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற மிக உயர்ந்த அலைகளையும் இதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அவை ரொம்ப நோஞ்சான், சுவர் மட்டுமல்ல, உங்கள் கையே மறைத்துவிடும்! 2022 மே மாதம், இந்தியாவிலேயே வடிவமைத்த 5ஜி கருவிகளில் முதல் அழைப்பைப் பேசிக் காட்டியது நம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில்தான். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி சேவை தொடங்கியது.

அண்ணன் இருக்க, தம்பி போனான்

புதியது வந்தால் பழையது போக வேண்டும். வானத்தில் இடம் குறைவாயிற்றே! ஆனால், வயதுப்படி போவதில்லை. ஏர்டெல் நிறுவனம் 2020 வாக்கில் 3ஜியை மூடிவிட்டு, அதைவிட மூத்த 2ஜியை வைத்துக்கொண்டது. ஏன்? 3ஜி போன் வைத்திருந்தவர்கள் மெல்ல 4ஜிக்கு மாறிவிட்டார்கள். பட்டன் போன்காரர்களோ கோடிக்கணக்கில் இருந்தார்கள். போன்கள் மட்டுமல்ல. வயலில் மோட்டாரை வீட்டிலிருந்தே போட்டு அணைக்க விவசாயிகள் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களே, அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கும். அப்படிப்பட்ட பழைய பெட்டிகள் பலவற்றுக்கு 2ஜி மட்டும்தான் தெரியும். 2ஜியை மூடினால் தண்ணீர் பாய்ச்ச ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜியை மூடியபோது ஒரு விநோதப் பிரச்சினை வந்தது. சில போன்கள் சாதாரண அழைப்புகளை 4ஜியில் பேசும். ஆனால், ஆம்புலன்ஸையும் போலீஸையும் கூப்பிடும் அவசர எண்ணான 000-ஐ அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடும்! பார்க்க நல்ல போன், உயிர் போகிற நேரத்தில் ஊமை. அதனால் அப்படிப்பட்ட போன்களுக்கு இணைப்பே கொடுக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கு அரசு உத்தரவிட்டது. ‘4ஜி போன்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் திகைத்துப் போனார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய செல்போன் அட்டைப் பெட்டி ஏதாவது கிடந்தால் இறக்கிப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். ‘ஜி.எஸ்.எம். 900/1800’ என்று மட்டும் இருந்தால் அது குழாயடிப் போன். கூடவே ‘டபிள்யூ.சி.டி.எம்.ஏ. 2100’ என்று இருந்தால் ரயில் பெட்டியிலும் ஏறத் தெரிந்த போன். ‘எல்.டி.இ. பேண்ட் 3, 5, 40’ என்றிருந்தால் 4ஜியின் இழைகள் அதற்குப் புரியும். அதில் பேண்ட் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் அலைக்கற்றை. அந்த 501 ரூபாய் சி.டி.எம்.ஏ. போன்கள் ஒரு காலத்தில் பேசிக்கொண்டிருந்த அதே இடம்!